பேனாவில் எழுதிய பொம்மை

முதலில் வாசகர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதை எழுதிப் பழக்கமில்லாதவள் நான். இதுவரை எழுதியவை எல்லாம் அடிக்குறிப்பு உள்ள கட்டுரைகள். ஒரு வரி எழுதினால் அதன் அடியில் யாராவது ஒரு பெரியவர் தோள் கொடுத்து நிற்பார். இங்கே அப்படி ஒருவரும் இல்லாததால் ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துப் பார்க்கிறேன். இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாது. ஆனால் எழுதுவதற்கு வேறு ஆளும் இல்லை.

இதில் வருகிறவர்களின் பெயர்களை மரியாதை கருதி விட்டிருக்கிறேன். ஒருவருடைய பெயரை மட்டும் அச்சம் கருதி விட்டிருக்கிறேன். நாள்களின் எண்ணிக்கையையும் ஒரு நாற்காலியின் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

எங்கள் துறையில் ஆய்வு மாணவர்கள் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் துறை இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்தாகிவிடும். என் வழிகாட்டியான பேராசிரியை கட்டுரை எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கேள்வி. அது ஒரே வரியில், கேள்விக்குறியோடு இருக்க வேண்டும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னாலும் அவருக்குப் புரிய வேண்டும். அடுத்து அட்டைகள். அட்டைகளை மேசைமேல் பரப்பி, வரிசை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, அவை தாமாக ஒரு பாதையைக் காட்டிய பிறகுதான் எழுத்து. முன்னுரை கடைசியில். "வீடு கட்டுறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடாதீங்க" என்பார்.

அட்டை அஞ்சலட்டை அளவில் இருக்கும். மேலே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண். நடுவில் அவர் சொன்னது, ஓர் எழுத்தும் மாறாமல், மேற்கோள் குறிக்குள். பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பச்சை மையில் நம்முடைய கருத்து. பச்சை மை இல்லாத அட்டையைப் பேராசிரியை தொடவே மாட்டார். என் அட்டைகள் ஒரு காலணிப் பெட்டியில் இருந்தன. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் பச்சை மை இருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவற்றில் நான் எழுதியிருந்தது, "ஒருவேளை இப்படியும் இருக்கலாமோ?" என்பது மட்டுமே.

என் கேள்வி இது: தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள்? இதற்காகப் பதினொரு பேரைச் சந்தித்துப் பேச்சைப் பதிவுசெய்தேன். பதினொன்றாவது ஆள் என் சொந்த அக்கா.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அத்தான் பத்தொன்பது நாள் உள்ளே கிடந்தார். அக்கா வெளியே ஒரு நாற்காலியில் கிடந்தாள். அத்தான் பிழைத்து வந்து, இப்போது காப்பியில் சர்க்கரை குறைவு என்று குறைசொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். அப்போது அக்காவுக்குப் பக்கத்தில், இடக்கை உடைந்து கட்டுத்துணி சுற்றிய நாற்காலியில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவரும் அக்காவும் கூடப்பிறந்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள். அக்கா அவரைக் கூப்பிடுவதே "பக்கத்து நாற்காலி" என்றுதான். அவர் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். எங்கள் துறை இதழுக்கு மெய்ப்புப் பார்ப்பவரும் அவரே.

அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே என் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் "மன்னிச்சுக்கக்கா" என்று சொல்வது என் வழக்கம்.

"நீ கேள்வி கேக்குறியா, கடன் கேக்குறியா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இதெல்லாம் பதிவாகுதா?"

"வேண்டாம்னா நிறுத்திடறேன்க்கா."

"இரு. ஓடட்டும். ஒருத்தர்கிட்டயாவது சொல்லித் தொலைக்கணும்." ஒரு துண்டை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். "பதினாலாம் நாள் மத்தியானம். கதவு திறந்து நர்ஸ் வந்தாங்க. அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, யாருக்கோ முடிஞ்சிருச்சுன்னு. நாங்க ரெண்டு பேரும் எழுந்து நின்னோம், கையைப் பிடிச்சுக்கிட்டு. பேர் சொன்னாங்க. அவ வீட்டுக்காரர் பேரு."

அவள் மடித்த துண்டை வாங்கி அடுக்கின் மேல் வைத்தேன்.

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடி. அவ கை என் கைக்குள்ள இருக்கும்போதே. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம்தான் அழுதேன். அவளைவிடச் சத்தமா அழுதேன்."

கொடியில் இருந்த கடைசிச் சட்டையையும் எடுத்துவந்து மடித்த பிறகே அடுத்ததைச் சொன்னாள்.

"தினம் வந்து டீ குடிச்சுட்டுப் போறா. தெரிஞ்சா இந்த வாசப்படி மிதிப்பாளா? யாருன்னு தெரியாம எழுது. நாள், நாற்காலி எதுவும் வரக் கூடாது. நீயா சொல்ற மாதிரி, உன் வாயால சொல்லு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டு."

"சத்தியமாக்கா" என்றேன்.

இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன். 'காத்திருப்பவரின் மகிழ்ச்சி சில கணங்களில் பக்கத்து இருக்கையில் நேர்ந்த இழப்பிலிருந்து பிறக்கிறது; அந்தக் கணத்தை மறைப்பதிலிருந்து நட்பு தொடங்குகிறது.' கட்டுரை முழுவதும் இந்த ஒரு வரியை நோக்கியே நடந்தது. பேராசிரியை படித்துவிட்டு அதைச் சிவப்பில் வட்டமிட்டார். ஓரத்தில் தம் வழக்கமான கேள்வியை எழுதினார்: யார் சொன்னது?

"ரொம்ப நல்ல வரி. யாரோடது?"

"மன்னிக்கணும் மேடம். அப்படித் தோணிச்சு."

"தோணிச்சா? அப்போ 'நான் கருதுகிறேன்'னு போடு. இல்லன்னா யார் சொன்னாங்கன்னு காட்டு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்டிக்கிட்டு நிக்காதே."

அறைக்குத் திரும்பி 'நான் கருதுகிறேன்' என்று எழுதிப் பார்த்தேன். விருந்துக்கு அழைக்காத வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டதைப் போல இருந்தது. அடித்துவிட்டேன்.

என் அறைத்தோழி எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் எல்லாரும் அவளை வக்கீல் என்றே அழைப்போம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கே? ஒரு பொம்மையை நட்டு வை."

பொம்மை என்பது எங்கள் துறை மாணவர்கள் எல்லாரும் செய்கிற, ஆசிரியர்களுக்குத் தெரியாத ஒரு வேலை. ஒரு கருத்துக்கு ஆதாரம் உண்டு என்று நம்புகிறோம். நூல் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை இல்லாத ஓர் ஆசிரியரின் பெயர், இல்லாத நூல், ஓர் ஆண்டு, ஒரு பக்க எண் என்று ஓர் அட்டை எழுதி வரிசையில் சொருகிவைப்போம். உண்மையான நூல் கிடைத்ததும் பொம்மையைப் பிடுங்கிவிடுவோம். இதற்கு ஒரே ஒரு விதி: பொம்மையைப் பென்சிலில்தான் எழுத வேண்டும்.

நான் பேனாவில் எழுதினேன். துணிச்சலால் செய்ததன்று. முதலில் எழுதிய பென்சில் எழுத்து மங்கிப்போய், சலவைச் சட்டைகளுக்கு நடுவே அழுக்குச் சட்டையைப் போல அந்த அட்டை மட்டும் பெட்டியில் துருத்திக்கொண்டு தெரிந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய அட்டையில் அழகான கையெழுத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்தேன், முதலெழுத்தும் கொடுத்தேன். நூலுக்குத் தலைப்பு வைத்தேன். பதினொரு ஆண்டுக்கு முன் வெளிவந்தது, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு என்றேன். நடுவில் என் வரியை மேற்கோள் குறிக்குள் இட்டேன். கோட்டுக்குக் கீழே பச்சை மையில் 'ஏற்கத்தக்கது' என்று எழுதினேன். கட்டுரையில் அந்த வரிக்கு அடிக்குறிப்பும் இட்டேன். என் கருத்தை இன்னொருவர் வாயில் வைத்து, அதை நானே பணிவோடு ஒப்புக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று மனம் இலேசாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நூலகத்துக்குப் போனேன். நல்ல வெயில். நீள மேசைகளில் நாலைந்து பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். நூலகர் என்னைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"நீங்க கேட்டது. எடுத்து வச்சு ரெண்டு நாளாச்சு."

"மன்னிக்கணும் சார், நான் எதுவும் கேக்கலையே."

"சீட்டு இருக்கே."

சீட்டில் இருந்தது என் கையெழுத்து. புத்தகத்தின் மேல் இருந்தது நான் வைத்த பெயர்.

சாம்பல் நிற அட்டை. முதுகு சற்றுக் கிழிந்து, பசைத்தாள் ஒட்டியிருந்தது. பலர் புரட்டிய தாள்களுக்கு உரிய மெதுமை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் நடுவில் என் வரி இருந்தது. அரைப்புள்ளிகூட நான் இட்ட இடத்திலேயே இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே பத்தொன்பது நாள் இருந்தது. இடக்கை உடைந்து கட்டுத்துணி சுற்றிய நாற்காலி இருந்தது. பதினாலாம் நாள் மத்தியானமும், பிடித்த கையை விடாத இரண்டு பெண்களும் இருந்தார்கள். நூல் அச்சான ஆண்டில் அத்தானுக்குத் தலைவலிகூட வந்ததில்லை.

முன்பக்கத்தில் நன்றியுரை. 'கேட்டதற்கெல்லாம் துணி மடித்தபடியே பொறுமையாக விடையளித்த பெண்மணிக்கும், உடனிருந்து குறிப்பெடுத்து உதவிய மாணவிக்கும்.'

கடைசிப் பக்கத்தில் நூலை எடுத்தவர்கள் கையொப்பமிடும் தாள் ஒட்டியிருந்தது. பதினொரு ஆண்டுகளாக அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு ஆள்தான் எடுத்திருக்கிறார். எல்லாக் கையொப்பமும் என்னுடையது. முதல் கையொப்பம் இட்டபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எனக்கென்று ஒரு கையொப்பமே அப்போது கிடையாது.

கையொப்பமிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"பொம்மையா? எந்தப் பொம்மை?" என்றாள். "இவரைப் படிச்சுட்டுத்தானே நீ இந்தத் தலைப்பையே எடுத்தே? ராப்பகலா இவர் புராணம்தானே பாடுவே? எனக்குக் காதே புளிச்சுப்போச்சு."

"விளையாடாதே. நீதானே நட்டு வைன்னு சொன்னே."

"யாரு சொன்னா?"

அவள் வேடிக்கை செய்தால் பத்து நொடிக்கு மேல் சிரிப்பை அடக்கத் தெரியாதவள். நான் முப்பதுவரை எண்ணினேன். ஊதி ஊதி நகத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஒலிப்பதிவை எடுத்துப் போட்டேன். துணி உதறும் சத்தம். அக்காவின் சிரிப்பு. அதற்குமுன் கேள்வி கேட்கும் குரல்: "மன்னிச்சுக்கோங்கம்மா, இதைக் கேக்கலாமான்னு தெரியலை." ஆண் குரல். வயதானவர், மெல்லப் பேசுகிறவர். நான் தயங்குகிற இடங்களில் எல்லாம் தயங்கினார். நான் இருமிய இடத்தில் இருமினார். அக்கா அவரிடம் சொல்கிறாள்: "இருங்க சார். ஓடட்டும். ஒருத்தர்கிட்டயாவது சொல்லித் தொலைக்கணும்."

மற்ற பத்துப் பதிவுகளையும் கேட்டேன். பத்திலும் அவரே.

காலணிப் பெட்டியைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளிலும் கோட்டுக்கு மேலே எல்லாம் இருந்தன. கோட்டுக்குக் கீழே வெற்றிடம். மை அழிந்த தடமில்லை. எப்போதும் எதுவும் எழுதப்படாத தாளின் வழவழப்புதான் இருந்தது. இருநூற்றுப் பதின்மூன்றாவதான பொம்மை அட்டையில் மட்டும் 'ஏற்கத்தக்கது' பச்சையாக இருந்தது. அதுவும் என் கையெழுத்து இல்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அக்கா, அன்னிக்கு என்கிட்ட ஒண்ணு சொன்னியே, அந்தப் பதினாலாம் நாள்..." என்றேன்.

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"உனக்கு யார் சொன்னா?"

"நீதான்க்கா. என்கிட்டதான் சொன்னே. துணி மடிச்சுக்கிட்டு."

"நான் அந்த சார்கிட்டதானே சொன்னேன். நல்ல மனுஷர். தலை குனிஞ்சுக்கிட்டே கேட்டார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினார்." அடுப்பை அணைத்தாள். "நீ அன்னிக்கு வரவே இல்லையே. ஒளிஞ்சு நின்னு கேட்டியா? இல்ல அவரோட காகிதத்தைத் திருடிப் படிச்சியா?"

"அக்கா, அந்தச் சத்தியம் பண்ணினது நான்."

"இத்தனை வருஷத்துல எனக்கு நீ ஒரு சத்தியம் பண்ணியிருக்கியா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. யோசித்துப் பார்த்து, இல்லை என்று கண்டுகொண்டவளின் குரல் அது.

அப்போது வாசல் கதவு திறந்தது. "என்ன, அக்காவும் தங்கச்சியும் என் தலையை உருட்டுறீங்களா?" என்றபடி பக்கத்து நாற்காலி உள்ளே வந்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் என் தோளில் தட்டினார்.

"உன் கட்டுரை எப்போ வருது? நான்தான் ப்ரூஃப் பார்க்கப்போறேன், ஞாபகம் வச்சுக்கோ. அடிக்குறிப்பு போட்டா அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் விடுவேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு பார்வை பார்ப்பேன். என்கிட்ட யாரும் தப்பிக்க முடியாது."

"இவ சொந்தமா எங்க எழுதறா?" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "எல்லாம் அடுத்தவங்க சொன்னதுதான்."

அவர்கள் இருவரும் ஒரே மேசையில் தேநீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் என் பைக்குள் இருந்தது.

அன்று பிற்பகலே பேராசிரியையிடம் போனேன். அடிக்குறிப்பை எடுத்துவிட்டு, 'நான் கருதுகிறேன்' என்று மாற்றி எழுதிய படியைக் கொடுத்தேன். முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய இரண்டு சொற்கள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அவரோட வரி. நூத்துப் பன்னிரண்டாம் பக்கம். துறையில எல்லாருக்கும் தெரியும். இதை உன்னோடதுன்னு போட்டா அதுக்குப் பேர் என்ன?"

"திருட்டு, மேடம்."

"தெரிஞ்சே செய்யறியா?"

"மன்னிக்கணும் மேடம். அது நான் எழுதினதுதான்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பொய் சொல்கிறவளைப் பார்க்கும் பார்வையாக இல்லை அது. உடம்பு சரியில்லாதவளைப் பார்க்கும் பார்வை. "அடிக்குறிப்போட கொடு. நல்ல கட்டுரை. நாளைக்கே அச்சுக்கு அனுப்பறேன்" என்றார், முன்னைவிட மெதுவாக. "இல்லன்னா அந்த வரியை எடுத்துடு. ஆனா அந்த வரி இல்லன்னா இதுல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வரி இல்லாவிட்டால் மீதி எல்லாம் அந்த வரிக்கு வழி காட்டும் பலகைகள்தான். அடிக்குறிப்போடு போனால் பக்கத்து நாற்காலி நூலகத்துக்கு வருவார், பக்கத்தைப் பிரிப்பார், தாம் உட்கார்ந்த நாற்காலியை அங்கே காண்பார்.

"திரும்ப வாங்கிக்கறேன் மேடம்."

"பதிவு போயிடும்."

"தெரியும் மேடம்."

வெளியே வரும்போது தாழ்வாரத்தின் கோடியில் யாரோ நின்றிருந்ததைப் போல இருந்தது. வயதானவர். கையில் ஒரு கட்டுக் காகிதம். எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, தலையைச் சற்றுக் குனிந்தார். நான் யாருக்கும் வழிவிடும்போது அப்படித்தான் குனிவேன்.

புத்தகத்தை நான் நூலகத்துக்குத் திருப்பித் தரவில்லை. அதே சமயம் திருடவும் எனக்குத் தெரியாது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை போய், மன்னிப்புக் கேட்டு, நீட்டித்துக்கொண்டு வருகிறேன். என் கையில் இருக்கும்வரை வேறு யாரும் எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்தில் கையொப்பம் இடுகிறேன். தாள் இன்னும் நிறையவில்லை.

இந்தக் கதையில் அக்கா கேட்டுக்கொண்டபடி நாளும் நாற்காலியும் வேறு. அச்சுக்குப் போகுமுன் அவளுக்குப் படித்துக் காட்டப் போனேன். கதவைத் திறந்தவள், எதுவாக இருந்தாலும் அந்த சாரை வரச் சொல் என்று சொல்லிவிட்டாள். உள்ளே இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய கணவரும் பக்கத்து நாற்காலியும். ஆகவே படித்துக் காட்டாமலே அனுப்புகிறேன். மன்னிக்க வேண்டும்.

இழந்தவை: பதினெட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று. ஆய்வுப் பதிவு, ஓராண்டு பத்து மாதம். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் கோட்டுக்குக் கீழே இருந்தவை. பதினொரு ஒலிப்பதிவுகளில் என் குரல். அக்கா துணி மடித்த ஒரு மத்தியானம். அவளுக்கு நான் செய்துகொடுத்த சத்தியம். ஒரு வரி.